கால் பிடிக்க ஒரு ஆள்

எனக்கு யார் காலையும் பிடித்துப் பழக்கமில்லை. ஆபீசில் பதவி உயர்வுக்காகப் பிடித்ததில்லை. பையனுக்குக் காலேஜில் சீட் கேட்டு அலைந்தபோதும் பிடித்ததில்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து கல்யாணமாகிப் போகும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் கால் பிடித்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுச் சந்தகை மெஷினின் கால்.

மெஷின் என்றதும் கரண்டில் ஓடுவது என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் ஒரு பித்தளைக் குழாய், அதன் அடியில் ஓட்டை போட்ட தட்டு, மேலே திருகுகிற தண்டும் குறுக்குக் கைப்பிடியும், இதையெல்லாம் தாங்க மூன்று இரும்புக் கால்கள். அவ்வளவுதான். அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் குழாயில் போட்டுத் திருகினால் கீழே நூல் நூலாக இறங்கும். அதுதான் சந்தகை. வெளியூர்க்காரர்கள் அதை இடியாப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்குக் கோபமே வரும்.

திருகுவதற்குப் பலம் வேண்டும், பிடிப்பதற்கும் பலம் வேண்டும். ஆள் பிடிக்காவிட்டால் கைப்பிடியோடு சேர்ந்து மெஷினே சுற்றும். எங்கள் மெஷினில் இன்னொரு கோளாறு வேறு. எப்போதோ ஒரு கால் உடைந்து, அப்பா கிணற்று வேலையில் மிஞ்சிய பைப்பை அறுத்துக்கொண்டு போய் லேத்துப் பட்டறையில் புதுக்கால் வைத்து வாங்கி வந்தார். கோயமுத்தூர் பக்கத்தில் எது உடைந்தாலும் அதற்கு ஒரு பட்டறை இருக்கும். ஆனால் அப்பா அளவு எடுத்ததில் பிசகி, அந்தக் கால் ஒரு விரல் குட்டையாகிவிட்டது. அதற்கு அடியில் மரத்துண்டு வைத்து, மற்ற இரண்டு கால்களையும் என் பாதத்தால் மிதித்துக்கொண்டு, பைப்புக் காலை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அம்மா குனிந்து நின்று திருகுவார். நாங்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி ஊர்க்கதையெல்லாம் பேசியது அந்த நேரத்தில்தான்.

பழைய சாமான்கள் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வைத்திருந்தால் புழங்க வேண்டும், இல்லாவிட்டால் புழங்குகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். வடவள்ளியில் எங்கள் அப்பார்ட்மெண்ட் சமையலறையில் இன்றைக்கும் அரிசி அளப்பது அம்மாவின் நசுங்கிய பித்தளை டம்ளரில்தான். மிக்ஸியைக் கழற்றுவது அப்பாவின் மரப்பிடி ஸ்க்ரூ டிரைவரால். அம்மாவின் இரும்புக் கரண்டி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்வாக இருக்கும். அம்மா வலது கையால் வருடக்கணக்கில் கிளறிக் கிளறித் தேய்த்தது அது. இடது கைக்காரரான என் கணவர் அதை எடுத்தால் உப்புமா அடிப்பிடிக்கும். அவர் கரண்டியைத் திட்டுவார், நான் அவரைத் திட்டுவேன்.

அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் வாசலிலேயே ஆட்டுக்கல் வைத்திருக்கிறார்கள். குழியில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழை மிதக்கவிட்டிருக்கிறார்கள். மாவு ஆட்டின கல்லில் பூ மிதப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கல்யாண வரவேற்புக்கு அங்கே போனபோது வாய்விட்டே சொல்லிவிட்டேன். கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இவ்வளவு பேசுகிற நான், அந்தச் சந்தகை மெஷினைக் கோட்டை விட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்து மரியாதை கொஞ்சம் விசேஷமானது. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை, “வேண்டாங்க” என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, “எதுக்குங்க உங்களுக்குச் செரமம்” என்று குரலை இறக்க வேண்டும். மூன்றாம் தடவை, “நீங்க இவ்வளவு சொல்றீங்க, செரிங்க” என்று வாங்கிக்கொள்ளலாம். காபிக்கும் இதுதான், காணி நிலத்துக்கும் இதுதான். யாரும் சொல்லித் தருவதில்லை, பிறக்கும்போதே வந்துவிடுகிறது. நான் வேலை பார்க்கும் பம்புசெட் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் மாறுதலாகி வந்தார். முதல் நாள் அவர் நீட்டிய காபிக்கு நான், “வேண்டாங்க” என்றதும், “ஓகே மேடம்” என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நாள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போய், காரியமெல்லாம் முடிந்து, அன்னூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன், அண்ணன் மனைவி, நான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். இந்த நங்கைக்குத் தாராபுரம் பக்கம். அதிர்ந்து பேசத் தெரியாது. பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ வந்து நிற்கும். கன்றுக்குட்டியைக் கட்டும்போதுகூட, “நில்லுங்க” என்பார்.

மெஷினை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“அம்மணி, இதை நீங்க எடுத்துக்குங்க.”

வீட்டில் இருந்த அத்தனை சாமானிலும் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் வாய் தன்பாட்டுக்கு, “ஐயோ, வேண்டாங்க நங்கை, நீங்களே வெச்சுக்குங்க” என்றது.

“அட, நீங்க பொழங்கினதுங்க. எடுத்துக்குங்க.”

“எதுக்குங்க, இங்கயே இருக்கட்டும்.”

இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. நங்கை அடுத்துக் கேட்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, தோட்டத்து மோட்டாருக்கு நாளில் கொஞ்ச நேரமே விடுகிற த்ரீ பேஸ் கரண்ட் வந்து தொலைத்தது. வாழைக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய அவசரத்தில் அண்ணன், “அதான் புள்ள வேண்டாங்குதே, இங்கயே கெடக்கட்டும்” என்று மெஷினைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு மோட்டார் போட ஓடிவிட்டார். நங்கையின் வாய் மூடிக்கொண்டது. மூன்றாவது கேள்வி வரவே இல்லை. கேட்காததை நான் எப்படி வாங்குவது?

அதற்குப் பிறகு நான் அலுமினியத்தில் ஒரு அச்சு வாங்கினேன், கை வலித்தது. கரண்டில் ஓடுகிற ஒன்றை வாங்கினேன், அது பிழிந்தது சந்தகை மாதிரியும் இல்லை, வேறு எது மாதிரியும் இல்லை. கணவர், “நல்லாத்தானே இருக்குது” என்று சாப்பிட்டார். அவருக்குத் தேங்காய்ப்பால் தித்திப்பாக இருந்தால் போதும், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்.

அன்னூர் போகும்போதெல்லாம் வயிற்றெரிச்சல். சில மாதத்திலேயே நங்கை மெஷினைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, முன்னறை ஷோகேசில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குழாய்க்குள் பிளாஸ்டிக் பூங்கொத்து ஒன்றைச் செருகியிருந்தார். மஞ்சள் பூ, பச்சை இலை. எங்கள் அம்மாவின் மெஷின் பூச்சாடி ஆகிவிட்டது.

வாய்விட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவார், அதுதான் சிக்கல். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் ஒரு பொருளை, “நல்லா இருக்குதுங்க” என்று சொன்னாலே போதும், கிளம்பும்போது அதைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வாங்கினால் பிடுங்கிக்கொண்டு வந்ததற்குச் சமம். அதனால் நான் அதைப் பாராட்டவும் முடியாது, உற்றுப் பார்க்கவும் முடியாது. ஷோகேசுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். நங்கை ஒவ்வொரு தடவையும், “இப்படி இந்தச் சேர்ல உக்காருங்க அம்மணி, காத்து வரும்” என்று ஷோகேசுக்கு எதிர்ச் சேரைக் காட்டுவார். “இருக்கட்டுங்க” என்று நான் வேறு சேரைப் பிடிப்பேன். இப்படியே சில வருடங்கள் ஓடின.

போன மாதம் ஒரு நாள் ஆபீசில் இருக்கும்போது அண்ணன் போன் செய்தார். சமையல்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். பேச்சோடு பேச்சாக, “பழைய பித்தளையெல்லாம் பாத்தரக்கடையில போட்டுப்போட்டு வேற எடுக்கலாம்னு இருக்கறோம்” என்றார்.

“எல்லாமுங்களா?”

“ஆமா, எல்லாந்தான். வெச்சு என்ன பண்றது?”

போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கடையில் குழாயைத் தனியாக, காலைத் தனியாகக் கழற்றி எறிவார்கள். பித்தளை உருக்கப் போய்விடும். அப்பா வைத்த பைப்புக் கால் எந்தக் குப்பையில் கிடக்குமோ. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது, ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டே விடுவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் போகும்போது வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டேன். ‘நங்கை, எனக்கு அந்த மெஷின் வேணும்.’ கணேசபுரம் தாண்டுவதற்குள் அதில் ஒரு ‘ங்க’ சேர்ந்துகொண்டது. அன்னூரில் இறங்கும்போது, ‘உங்களுக்கு வேண்டாம்னா’ என்று முன்னால் ஒன்று ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண் நேராக ஷோகேசுக்குப் போயிற்று. மெஷின் இல்லை. அது இருந்த இடத்தில் மூன்று கால்களின் தடம் மட்டும் வட்ட வட்டமாக இருந்தது. பிளாஸ்டிக் பூ தனியாகப் படுத்துக் கிடந்தது.

“வாங்கம்மணி, வாங்க. காபி குடிக்கறீங்களா?” என்று நங்கை வந்தார்.

தயார் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எப்போதும் உட்காராத அந்த எதிர்ச் சேரிலேயே உட்கார்ந்துவிட்டேன். “போட்டுப்போட்டீங்களா நங்கை? எங்கம்மா மெஷினைக் கடையில போட்டுப்போட்டீங்களா? பூ வெச்சுக் கெடந்தாலும் கண்ணுல பட்டுட்டாவது இருந்துச்சுங்களே!” என்று கத்தினேன். கத்தும்போதும் ‘ங்க’ விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பது வயதில் அடுத்தவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு சந்தகை மெஷினுக்காக அழுதேன்.

நங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு, “அப்பாடா, கேட்டுப்போட்டீங்க” என்றார்.

என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துணி துவைக்கிற கல்லின் மேல், வெயிலில், கழுவிக் கவிழ்த்த மெஷின் காய்ந்துகொண்டிருந்தது.

“இதையப் போயிக் கடையில போடுவனுங்களா? நாந்தான் உங்கண்ணனைப் போன் பண்ணச் சொன்னேன். அப்படிச் சொன்னாலாச்சும் வருவீங்கன்னு. நேரா எப்படிங்க கேக்கறது? நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க, மறுக்கா மறுக்கா கேட்டா உங்க தலையில கட்டற மாதிரி ஆயிருமுங்க. ஷோகேசுல வெச்சா பாத்துக் கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. பூவைச் சொருகினா கோவிச்சுக்கிட்டாவது கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க அக்கட்டால திரும்பி உக்காந்துக்கிட்டீங்க.”

“நீங்க ஆசைப்பட்டு வெச்சிருக்கறீங்கன்னு நா நெனச்சேனுங்க.”

“வெச்சு என்னங்க பண்றது? காலு யாருங்க புடிக்கறது? உங்கண்ணன் புடிச்சா மெஷினோட அவருஞ் சேந்து சுத்துவாரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் பூங்கொத்தை எடுத்து அவர் மேல் எறிய வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருடம் ஒரே மெஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் மரியாதை செய்து கெடுத்திருக்கிறோம். வேறு ஊர்க்காரர்கள் என்றால் ஒரு நிமிஷத்தில் சண்டை போட்டு முடித்திருப்பார்கள்.

நான் எப்படியும் வருவேன் என்று அரிசியை ஊறவைத்து ஆட்டித் தயாராகவே வைத்திருந்தார். இட்லிப் பாத்திரம் அடுப்பில் இருந்தது. மெஷினைச் சமையல்கட்டில் கொண்டுவந்து வைத்து, பைப்புக் காலுக்கு அடியில் மரத்துண்டைக் கொடுத்து, பழக்கத்தில் நான் தரையில் உட்கார்ந்து பாதத்தை ஊன்றினேன். முட்டி வலித்தாலும் கை தானாக அதன் இடத்துக்குப் போயிற்று. நங்கை ஆவி பறக்கிற இட்லித் தட்டோடு வந்து நின்றார். கொஞ்சம் தயங்கினார்.

“அம்மணி, நானு புடிக்கட்டுங்களா?”

“வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் செரமம்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வருகிற சொல்.

நங்கை தட்டைக் கீழே வைத்தார்.

“அத்தையும் இதையேதானுங்க சொல்லுவாங்க.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபமாக எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“நா இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல, ஞாயித்துக்கெழம ஆனா நீங்களும் அத்தையும் இப்படி இதுகிட்ட வந்துருவீங்க. பேசிச் சிரிச்சுட்டே பிழிவீங்க. நா அந்தக் கதவு நெலவுகிட்ட நின்னு பாத்துட்டு இருப்பேன். அந்த மெஷினுக்கு ரெண்டு ஆளு போதும், ரெண்டு பேரும் இருந்தீங்க. நீங்க கல்யாணமாகிப் போன பொறகு, ‘நா புடிக்கட்டுங்களா அத்தே’ன்னு கேட்டேன். ‘வேண்டாங்கண்ணு, உனக்கெதுக்குச் செரமம்’னாங்க. மறுக்காவும் ஒரு நாளு கேட்டேன். அதேதான் சொன்னாங்க. அப்பறம் நா கேக்கல. நீங்க வந்தா மட்டுந்தான் இந்த ஊட்டுல சந்தகை.”

எங்கள் அம்மா பொல்லாதவர் இல்லை. மருமகளுக்கு வேலை வைக்கக் கூடாது என்று மெய்யாகவே நினைத்துத்தான் சொல்லியிருப்பார். மூன்றாம் தடவை கேட்டிருந்தால், “செரி, வா கண்ணு” என்றிருப்பார், சத்தியமாகச் சொல்வேன். ஆனால் புது மருமகள் எப்படி மூன்றாம் தடவை கேட்பாள்? நான் அந்த மெஷினை என் அம்மா என்றே நினைத்து இத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். அதே மெஷினைப் பார்த்து இன்னொருத்தி கதவு நிலைக்கால் பக்கம் நின்று ஏங்கியது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அப்போது அம்மாவை நினைத்து அழுகை வரவில்லை. நங்கையை நினைத்துத்தான் வந்தது.

நான் எழுந்தேன். “உக்காருங்க நங்கை” என்றேன்.

“இல்லீங்க, சும்மா சொன்னேன்...”

“இட்லி ஆறுது. உக்காருங்க.”

அவர் சேலையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். பைப்புக் காலைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். மரத்துண்டு நழுவியது. மறுபடி வைத்துக் கொடுத்தேன். அம்மா நின்ற இடத்தில் முதல் முறையாக நான் நின்றேன். கைப்பிடி அவ்வளவு கனம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. முதல் ஈடு பாதியில் மெஷின் சாய்ந்து, சந்தகை தட்டில் பாதியும் தரையில் பாதியும் விழுந்தது. இரண்டு பேரும் விரலைச் சுட்டுக்கொண்டோம். இரண்டாவது ஈடு ஒழுங்காக இறங்கியது. அதற்குள் நங்கை தாராபுரத்துக் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தார். தங்கச்சியின் மாமியார் பற்றியது, அதை இங்கே எழுத முடியாது. நான் திருகுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

அண்ணன் சத்தம் கேட்டு வந்து தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குக் கோழிக் குழம்பு, எங்களுக்குத் தேங்காய்ப்பால். சாப்பிட்டு முடித்ததும் நங்கை மெஷினைக் கழுவித் துடைத்து, ஒரு கட்டைப் பையில் வைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அந்த மெஷினுக்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கிக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்த்தேன். பிறகு அவர் பக்கம் தள்ளினேன்.

“நங்கை, இதை நீங்க வெச்சுக்குங்க.”

“ஐயோ, வேண்டாங்க. அத்தை மெஷினுங்க, உங்களுக்குத்தான்.”

“நாந்தான் சொல்றேனே. வெச்சுக்குங்க.”

“எதுக்குங்க... புதுச் சமையல்கட்டுல எடம் இருக்குமோ என்னமோ...”

அப்போது த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. அண்ணன் எழுந்து, “அதான் வேண்டாங்கறாளே, நீ எடுத்துட்டுப் போ புள்ள” என்று பையைத் தூக்கக் குனிந்தார்.

“அண்ணா!” என்றேன். “வாழை செத்துப் போயிராது. அதைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க.”

பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நங்கையைப் பார்த்து மூன்றாம் தடவையாகக் கேட்டேன்.

“நீங்களே வெச்சுக்குங்க நங்கை. ஞாயித்துக்கெழம நா வாரேன்.”

நங்கை பையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க இவ்வளவு சொல்றீங்க, செரிங்க” என்றார். “ஆனா காலு நாந்தான் புடிப்பேன்.”